பாய்லரின் கண்ணுக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆயுத பூஜையும் அதை ஒட்டித் தீபாவளி விடுமுறையும் வருகின்றன. திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரத்துச் சாயப்பட்டறைகளிலும் பிராசசிங் ஆலைகளிலும் பாய்லரை அணைத்துப் பராமரிப்பு பார்க்கும் காலம் இது. பாய்லர் அறையைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார்கள், பைப்புகளுக்கு வெள்ளிப் பெயின்ட் அடிப்பார்கள், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அந்தக் கழுவலிலும் பெயின்டிலும் ஆண்டுதோறும் அடிபடுவது, பைப்பின் ஓரத்தில் ஒரு சொம்பு அளவுக்கு நிற்கும் பிரஷர் டிரான்ஸ்மிட்டர், அதாவது அழுத்தத்தை அளந்து வயர் வழியே அனுப்பும் கருவி. கட்டுப்பாட்டுப் பேனலில் தெரியும் அழுத்தமும் வெப்பமும் இதுபோன்ற கருவிகள் சொல்லி அனுப்புகிறவைதான். அவை பொய் சொன்னால் பேனலும் பொய் சொல்லும், அதை நம்பி பர்னரும் எரியும். பண்டிகைக்கு முந்தைய அவசர வேலையில் இவற்றை மாட்டும்போதும் வயர் இணைக்கும்போதும் என்னென்ன தவறுகிறது என்று எழுதுகிறோம்.

முதலில் பெயின்ட். சாதாரண கேஜ் வகைப் பிரஷர் டிரான்ஸ்மிட்டர் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் அழுத்தத்தை அளக்கிறது. அதற்காக அதன் கழுத்தில் ஒரு சின்னக் காற்றுத் துளை இருக்கும். அதைப் பெயின்டாலோ சந்தனத்தாலோ அடைத்தால் உள்ளே சிக்கிய காற்று சூட்டில் விரியும். 30 டிகிரி சூடு ஏறினாலே ஏறத்தாழ 0.1 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற அழுத்தக் கணக்கு) அளவுக்கு அளவீடு குறைந்து தெரியும். பத்து கிலோ பாய்லரில் இது பெரிதாகத் தெரியாது. அரை கிலோவில் ஓடும் டேங்கில் ஐந்தில் ஒரு பங்கு பிழை அது. பெயர்த்தகட்டின் மேலும் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். அந்தத் தகட்டில்தான் ரேஞ்ச், அதாவது கருவி எதிலிருந்து எதுவரை அளக்கும் என்பது, எழுதியிருக்கிறது. ரேஞ்ச் தெரியாமல் மாற்றுக் கருவி வாங்குவது எவ்வளவு ஆபத்து என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

மாட்டுகிற வேலையில் முதல் கண்ணி மரை. கருவியில் அரை இஞ்ச் என்.பி.டி. (அமெரிக்க முறை) மரை இருக்கும், பைப்பில் அரை இஞ்ச் பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் முறை) மரை இருக்கும். இரண்டுக்கும் ஒரு இஞ்சுக்கு 14 மரைதான். அதனால் ஒன்று மற்றொன்றில் ஏறிவிடும், பிடித்தது போலவும் இருக்கும். ஆனால் என்.பி.டி. மரையின் கோணம் 60 டிகிரி, பி.எஸ்.பி. மரையின் கோணம் 55 டிகிரி. பக்கங்கள் சரியாகப் பொருந்துவதில்லை. டெஃப்லான் டேப்பை எத்தனை சுற்று கூட்டினாலும் சூடேறி ஆறும்போது கசியும், மோசமானால் பிய்த்துக்கொண்டு வரும். எந்த மரை என்று தெரியவில்லையா, மரை கேஜ் வைத்துப் பாருங்கள், சரியான அடாப்டர் போடுங்கள். டேப் போடுவது என்.பி.டி. போன்ற கூம்பு மரைக்கு மட்டும்: முதல் மரையை விட்டுவிட்டு, மரை ஏறும் திசையிலேயே இரண்டு மூன்று சுற்று போதும். நேர் மரைக்கு அடியில் வாஷர்தான் கசிவைத் தடுக்கிறது, டேப் அல்ல. முடுக்கும்போது ஸ்பேனரைக் கருவியின் அறுகோணப் பகுதியில் போட வேண்டும். தலையைக் கையால் பிடித்துத் திருகினால் உள்ளே சென்சாருக்குப் போகும் வயர் முறுகி அறும்.

நீராவியை நேரே கருவிக்குள் விடக்கூடாது. பத்து கிலோ நீராவி ஏறத்தாழ 183 டிகிரி சூடு. டிரான்ஸ்மிட்டரின் மின்னணுப் பகுதி பொதுவாக 85 டிகிரிக்கு மேல் தாங்காது. அதற்காகத்தான் வளைந்த சைபன் குழாய் வைக்கிறோம். அதில் தேங்கும் தண்ணீர்தான் சூட்டைத் தடுக்கும் சுவர். புது சைபனை வெறுமையாக மாட்டி வால்வைத் திறந்தால் முதல் நிமிடத்திலேயே நீராவி கருவிக்குள் அழுத்தத்தை உணரும் சவ்வைச் சுடும். மாட்டுவதற்கு முன் சைபனில் தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். வால்வை மெல்லத் திறவுங்கள். கருவி பாய்லரிலிருந்து தள்ளிக் கீழே இருந்தால், இடையிலுள்ள இம்பல்ஸ் லைன் (அழுத்தத்தைக் கருவிக்குக் கொண்டுவரும் மெல்லிய குழாய்) கருவியை நோக்கி ஒரே சரிவாக இறங்க வேண்டும், ஓர் அடிக்கு ஓர் இஞ்ச் என்ற கணக்கில். நடுவில் மேடு இருந்தால் அங்கே காற்று நிற்கும், அளவீடு ஆடும். காற்று, கேஸ் லைனுக்கு இது தலைகீழ்: கருவி மேலே, லைன் மேல்நோக்கி, தண்ணீர் திரும்ப வழிந்துவிட வேண்டும்.

கீழே வைத்த கருவிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. லைனில் நிற்கும் தண்ணீரே அழுத்தம் தரும், பத்து மீட்டருக்கு ஒரு கிலோ. மூன்று மீட்டர் கீழே இருந்தால் 0.3 கிலோ கூடுதலாகக் காட்டும். இதைக் கருவியிலேயே கழித்துவிட வேண்டும், லைன் முழுக்கத் தண்ணீர் நிரம்பிய நிலையில். ஒரு கிலோ நீராவியில் வேலை செய்யும் இயந்திரத்துக்கு 0.3 கிலோ என்பது 30 சதவீதம்.

வயர் வேலைக்கு வருவோம். சிறு ஆலைகளில் இந்த வேலையை மோட்டார் வயரிங் செய்கிற எலக்ட்ரீஷியனிடமே கொடுக்கிறார்கள். அவர் கைத்திறனில் குறையில்லை, பழகிய மின்சாரம்தான் வேறு. இரண்டு வயர் டிரான்ஸ்மிட்டரில் 24 வோல்ட் நேர்மின்சாரம் பேனலிலிருந்து போய், கருவி வழியாக, அளவீட்டுக்கேற்ற மில்லி ஆம்பியராகத் திரும்பி வருகிறது. பூஜ்ய அழுத்தத்துக்கு 4, முழு ரேஞ்சுக்கு 20. பூஜ்யத்துக்குப் பூஜ்யமே வைக்காமல் 4 வைத்ததற்குக் காரணம் இருக்கிறது: வயர் அறுந்தால் 0 வரும், அழுத்தம் இல்லையென்றால் 4 வரும், இரண்டும் வேறு வேறு என்று பேனலுக்குத் தெரிய வேண்டும். நாமூர் என்ற ஐரோப்பியத் தொழில்துறைக் கூட்டமைப்பின் பரிந்துரைப்படி 3.8 முதல் 20.5 வரை நம்பத்தக்க அளவீடு, 3.6 அல்லது அதற்குக் கீழும், 21 அல்லது அதற்கு மேலும் போனால் கருவியில் கோளாறு.

இந்த வேறுபாட்டைப் பேனலில் புரோகிராம் செய்யாமல் விடுவதுதான் நாங்கள் மிகவும் அஞ்சும் தவறு. 0–16 கிலோ ரேஞ்ச் கருவியின் வயர் கழன்றால், வெறும் கணக்குப்படி பிஎல்சி (பேனலிலுள்ள கட்டுப்பாட்டுக் கணினி) மைனஸ் 4 கிலோ என்று எடுத்துக்கொள்ளும். அழுத்தம் குறைவு, இன்னும் எரி என்று பர்னருக்கு ஆணை போகும். ஒரு டெர்மினல் திருகு தளர்ந்ததற்குப் பாய்லர் முழு நெருப்பில் ஓடும். 3.6க்குக் கீழே போனால் பர்னர் அணைய வேண்டும், மணி அடிக்க வேண்டும். இதைச் சோதிப்பது சுலபம்: வேலை முடித்து ஒப்படைக்கும் முன், ஆபரேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குறைந்த நெருப்பில், ஒரு வயரைக் கழற்றிப் பாருங்கள். பர்னர் அணையவில்லை என்றால் வேலை முடியவில்லை.

அடுத்தது ரேஞ்ச். பழைய கருவி 0–10 கிலோ. அது கெட்டு, கடையில் கிடைத்தது 0–16. மாட்டினார்கள், வயர் இணைத்தார்கள், எண் வந்தது, போய்விட்டார்கள். பிஎல்சியில் 0–10 என்றே இருக்கிறது. இப்போது உண்மையான அழுத்தம் 10 கிலோ ஆகும்போது கருவி 14 மில்லி ஆம்பியர் அனுப்பும். பிஎல்சி அதை 6.25 கிலோ என்று காட்டும். ஆபரேட்டர் இன்னும் ஏறட்டும் என்று காத்திருப்பார். தனி பிரஷர் சுவிட்ச் வேலை செய்யாவிட்டால், பாய்லருக்கும் வெடிப்புக்கும் இடையில் அந்த நேரத்தில் நிற்பது சேஃப்டி வால்வு மட்டும்தான். பக்கத்து டயல் கேஜை யாராவது நிமிர்ந்து பார்த்தால் உண்டு. கருவி மாற்றினால் பேனலில் ரேஞ்சையும் பார்க்க வேண்டும். பார்த்ததோடு நிற்காமல் ஹேண்ட் பம்பும் மாஸ்டர் கேஜும் வைத்து ஐந்து புள்ளிகளில் ஏற்றி இறக்கிச் சோதிக்க வேண்டும். 0–16 கருவிக்கு 0, 4, 8, 12, 16 கிலோ; வர வேண்டியது 4, 8, 12, 16, 20 மில்லி ஆம்பியர். ஒவ்வொரு புள்ளியிலும் பேனலில் வரும் எண்ணைப் பேனல் முன்னால் நின்று ஒருவர் படித்துச் சொல்ல வேண்டும். கருவியில் சரியாக இருப்பதும் பேனலில் சரியாக இருப்பதும் ஒன்றல்ல.

மின்னழுத்தக் குறைவு இன்னும் நயவஞ்சகமானது. டிரான்ஸ்மிட்டர் உயிரோடு இருக்கக் குறைந்தது 10.5 அல்லது 12 வோல்ட் வேண்டும், கருவிக்குக் கருவி மாறும். மீதி வோல்ட்டை லூப்பில் (பேனலிலிருந்து கருவிக்குப் போய்த் திரும்பும் மின்சுற்றில்) உள்ள மற்றவை தின்னும். பிஎல்சி உள்ளீடு 250 ஓம், பாரியர் (தீப்பொறி எழாதபடி மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இருந்தால் ஏறத்தாழ 300, கூடுதலாக ஒரு இன்டிகேட்டர் 100 என்று வைத்துக்கொள்வோம், ஆக 650 ஓம். 24 வோல்ட்டில் 12 கருவிக்குப் போக மீதி 12 வோல்ட்; அதை 650ஆல் வகுத்தால் 18.5 மில்லி ஆம்பியர். அதற்கு மேல் ஏற முடியாது. பவர் சப்ளை பழசாகி 20 வோல்ட்டுக்கு இறங்கினால் உச்சம் 12.3 மில்லி ஆம்பியர். 0–16 ரேஞ்சில் அது 8.3 கிலோ. பாய்லரில் எவ்வளவு ஏறினாலும் பேனல் 8.3க்கு மேல் காட்டாது, அல்லது கருவி அணைந்து அணைந்து உயிர்க்கும். குறைந்த அழுத்தத்தில் எல்லாம் சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆகவே சோதனையை 20 மில்லி ஆம்பியர் வரை கொண்டுபோய், அப்போது கருவியின் டெர்மினலில் எத்தனை வோல்ட் மிஞ்சுகிறது என்று மல்டிமீட்டரில் பாருங்கள். கேபிளின் பங்கு சிறியது: 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் போக வர ஒரு கிலோமீட்டருக்கு 24 ஓம்தான்.

இன்னும் சில இணைப்புத் தவறுகள். 24 வோல்ட்டை நேரே பிஎல்சியின் 250 ஓம் உள்ளீட்டில் கொடுத்தால் 96 மில்லி ஆம்பியர் ஓடி அந்தச் சேனல் கருகும். பிஎல்சி கார்டே 24 வோல்ட் தரும் வகையா என்று பார்க்காமல் வெளியிலிருந்தும் சப்ளை கொடுத்தால், இரண்டும் சேர்ந்து 48 வோல்ட் ஆகக்கூடும். பல கருவிகளின் தாங்கு எல்லை 45 வோல்ட்டுக்குள். மல்டிமீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்துக்கொண்டு சப்ளையின் இரு முனையில் தொட்டால் மீட்டரின் ஃப்யூஸ் போகும். மில்லி ஆம்பியரை லூப்பில் வரிசையாகச் சேர்த்துத்தான் அளக்க வேண்டும்; கருவியில் டெஸ்ட் டெர்மினல் இருந்தால் வயரைக் கழற்றாமலே அளக்கலாம். கேபிளை மெகர் செய்வதானால் (உயர் வோல்ட் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிப்பதானால்) இரு முனையையும் கழற்றிவிடுங்கள். 500 வோல்ட் மெகர் ஒரு நொடியில் கருவியைக் கொன்றுவிடும். பக்கத்தில் ஆர்க் வெல்டிங் நடந்தால் அன்றைக்கு வயரைக் கழற்றி வைப்பதும், வெல்டிங் எர்த் கிளாம்பை வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே பிடிப்பதும் அவசியம். ஆலைகளில் கிளாம்பைத் தூரத்துத் தூணில் மாட்டிவிடுகிறார்கள். வெல்டிங் மின்சாரம் திரும்பிப் போகும் வழியில் நம் கருவி அகப்படும்.

சிக்னல் கேபிள் முறுக்கிய இணையாகவும் ஷீல்டு உள்ளதாகவும் இருக்க வேண்டும். ஷீல்டை எர்த் செய்வது ஒரே முனையில், பேனல் பக்கம். கருவிப் பக்கம் ஷீல்டை வெட்டி இன்சுலேட் செய்துவிடுங்கள். இரு முனையிலும் எர்த் செய்தால் இரண்டு எர்த்துக்கு இடையிலான வேறுபாட்டில் ஷீல்டு வழியே மின்சாரம் ஓடி அளவீட்டை ஆட்டும். கருவியின் உலோக உடலுக்குத் தனி எர்த் உண்டு, அது வேறு விஷயம், அதை விடக்கூடாது. சாயப்பட்டறையில் மோட்டார்களுக்கெல்லாம் இப்போது வேகத்தை மாற்றும் டிரைவ் வந்துவிட்டது. டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளோடு சிக்னல் கேபிளை ஒரே டிரேயில் போட்டால் எண் துள்ளும். குறைந்தது 30 சென்டிமீட்டர் விலக்குங்கள், குறுக்கே போக வேண்டியிருந்தால் நேர்க்குறுக்காகப் போகட்டும். எண் துள்ளுகிறது என்று டேம்பிங்கை (அளவீட்டை மெதுவாக்கிச் சீராக்கும் அமைப்பை) 20, 30 நொடிக்கு ஏற்றி மூடி மறைக்கிற பழக்கம் மிகவும் கெட்டது. அழுத்தம் ஏறியது அரை நிமிடம் கழித்துத்தான் தெரியும். காரணத்தைத் தேடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம். கருவிக்குள் தண்ணீர் போகிற வழி பெரும்பாலும் கேபிள் நுழையும் இடம். கேபிளின் விட்டத்துக்கு ஏற்ற கிளாண்ட் (கேபிளைச் சுற்றி இறுக்கி அடைக்கும் பொருத்து) வேண்டும். பெரிய கிளாண்டில் இன்சுலேஷன் டேப் சுற்றி அடைப்பது ஒரு மழைக்குக்கூட நிற்காது. கேபிள் கிளாண்டுக்குள் கீழிருந்து மேலாக ஏற வேண்டும்; மேலிருந்து வந்தால், கருவிக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு ஏற்றுங்கள், தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். பயன்படாத இன்னொரு துளையில் வரும்போதே இருக்கும் பிளாஸ்டிக் மூடி போக்குவரத்துக்கானது. அதை எடுத்து உலோக பிளக் போட வேண்டும். மூடியின் ஓ-ரிங் வெட்டுப்பட்டிருந்தால் மாற்றுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தாலும் பீய்ச்சும் தண்ணீரை நேரே கருவி மேல் அடிக்காதீர்கள், ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

வெப்பநிலைக் கருவியில் கைக்கு வரும் ஆபத்து பெரிது. தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டரில் எண்ணெய் 250 டிகிரிக்கு மேல் ஓடும். பல எண்ணெய்களுக்கு அது ஆவி தீப்பற்றும் வெப்பநிலையையும் தாண்டியது. ஆர்டிடி (வெப்பநிலையை உணரும் குச்சி) மாற்றும்போது இரண்டு அறுகோண நட்டு அடுத்தடுத்துத் தெரியும். மேலே உள்ளது ஆர்டிடியைப் பிடித்திருப்பது. கீழே உள்ளது தெர்மோவெல்லை, அதாவது ஆர்டிடி நுழைந்திருக்கும் உறைக்குழாயை, பைப்பில் பிடித்திருப்பது. கீழதைத் திருகினால் கொதிக்கும் எண்ணெய் முகத்தில் அடிக்கும். எப்போதும் இரண்டு ஸ்பேனர்: ஒன்றால் கீழதை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதால் மேலதைக் கழற்றுங்கள். தெர்மோவெல்லைக் கழற்ற வேண்டுமானால் லைன் ஆறி, அழுத்தம் இறங்கி, எண்ணெய் வடிந்த பிறகுதான்.

தெர்மோவெல்லை லேசாக எண்ணக்கூடாது. ஜப்பானின் மோஞ்சு அணு உலையில் 1995 டிசம்பர் 8 அன்று சோடியம் கசிந்து தீப்பிடித்ததற்கு, ஓட்டத்தின் அதிர்வில் ஒரு தெர்மோவெல் உடைந்ததே காரணம். வேகமான ஓட்டத்தில் நீளமான மெல்லிய தெர்மோவெல் குச்சி போல் அதிரும். கிடைத்ததை மாட்டாமல் வேகத்தையும் நீளத்தையும் கணக்கிட்டு வாங்குங்கள். குட்டையாக இருந்தாலும் தவறு: நுனி பைப்பின் நடுப்பகுதிக்கு வர வேண்டும், இல்லையென்றால் பைப்புச் சுவரின் சூட்டையே காட்டும். ஆர்டிடியின் நுனி தெர்மோவெல்லின் அடியைத் தொட வேண்டும். தொடாமல் இடைவெளி இருந்தால் எண் தாமதமாகவும் குறைவாகவும் வரும், ஹீட்டர் கூடுதலாக எரியும்.

பிடி 100 என்ற பிளாட்டினம் ஆர்டிடியின் மின்தடை 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். அதாவது டிகிரிக்கு 0.385 ஓம்தான். வயரில் ஒரு ஓம் கூடினால் 2.6 டிகிரி பிழை. மூன்று வயர் வைப்பது இந்தப் பிழையைக் கழிக்கத்தான், ஆனால் மூன்றும் ஒரே நீளம் ஒரே தடிமனாக இருந்தால்தான் கழியும். முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட் இங்கே கூடவே கூடாது. ஜங்ஷன் பாக்சில் டெர்மினல் வைத்து, ஃபெரூல் போட்டு முடுக்குங்கள். இரு உலோக வயர் சேர்ந்த வெப்ப உணரியான தெர்மோகப்பிளுக்குச் செம்புக் கேபிள் போட்டு நீட்டுவதும் தவறு, அதே வகை காம்பன்சேட்டிங் கேபிள்தான் வேண்டும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்: அமெரிக்க முறையில் கே வகைத் தெர்மோகப்பிளின் சிவப்பு வயர் நெகட்டிவ். சிவப்பு என்றால் பாசிட்டிவ் என்று பழகிய கை இதில் தவறும். இணைத்த பின் நுனியைச் சூடாக்கிப் பாருங்கள், எண் இறங்கினால் வயர் மாறியிருக்கிறது.

கரைப்பான், கேஸ் புழங்கும் இடங்களுக்குத் தனி எச்சரிக்கை. ஃபிளேம்ப்ரூஃப் கருவியின் (உள்ளே தீப்பற்றினாலும் வெளியே பரவவிடாத கூடுள்ளது) மூடியை மின்சாரம் இருக்கும்போது திறக்கக்கூடாது. அதன் இணைப்பு முகங்களில் பெயின்டோ கீறலோ இருந்தால் அது ஃபிளேம்ப்ரூஃப் அல்ல. பாரியர் வைத்த இன்ட்ரின்சிக் சேஃப் (தீப்பற்றவைக்கும் அளவு மின்சாரம் போகாத) லூப்பில் அனுமதிக்கப்பட்ட கருவியைத் தவிர வேறு எதையும், மல்டிமீட்டரைக்கூட, அனுமதியின்றி இணைக்கக்கூடாது.

ஓடும் ஆலையில் பிரஷர் டிரான்ஸ்மிட்டரைக் கழற்ற வேண்டி வந்தால் வரிசை முக்கியம். முதலில் ஆபரேட்டரிடம் சொல்லி அந்தக் கன்ட்ரோலை மேனுவலுக்கு மாற்றுங்கள். பிறகு ரூட் வால்வை (மெயின் பைப்பிலிருந்து லைன் பிரியும் இடத்து வால்வை) மூடிப் பூட்டு போடுங்கள். பிறகு கருவியை ஒட்டிய மேனிஃபோல்டு வென்ட்டை (மிச்ச அழுத்தத்தை வெளியேற்றும் துளையை) மெல்லத் திறவுங்கள், முகத்தை அதன் நேரே வைக்காமல். சீறல் நிற்காவிட்டால் ரூட் வால்வு முழுதாக மூடவில்லை. அந்த நிலையில் ஒரு மரையைக்கூடத் தளர்த்தாதீர்கள். சீறல் நின்று, எண் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் ஸ்பேனர்.

ஆலை உரிமையாளர்களுக்கு ஒன்று. 1923ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய பாய்லர் சட்டம் 2025இல் வந்துவிட்டது. சட்டப்படியான ஆய்வு முதன்மையாகப் பாய்லரின் உடலையும் சேஃப்டி வால்வு போன்ற பொருத்துகளையும் பார்க்கிறது. லூப்பின் ரேஞ்ச், வயர் அறுந்தால் நடப்பது, 20 மில்லி ஆம்பியரில் மிஞ்சும் வோல்ட், இவற்றை உங்கள் ஆட்கள்தான் பார்க்க வேண்டும். ஒரு பாய்லருக்கு இரண்டு பேர் அரை நாள் வேலை. விடுமுறை முடிந்து நெருப்பு மூட்டும் காலையில் அல்லாமல், முந்தைய நாளே அந்த அரை நாளைக் கொடுங்கள். டிரான்ஸ்மிட்டரைச் சாராத தனி பிரஷர் சுவிட்ச் ஒன்று பர்னரை அணைக்கிறதா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடலாம். பெயின்டருக்கு ஒரு கட்டு பாலித்தீன் உறை வாங்கிக் கொடுத்து, பெயின்ட் அடிக்கும் முன் ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டரையும் மூடிக் கட்டச் சொல்லுங்கள். பெயின்ட் காய்ந்ததும் அந்த உறையைக் கழற்ற யார் பொறுப்பு என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
இன்ஸ்ட்ருமென்ட் பராமரிப்புப் பணியாளர்கள் சிலர்,
ஈரோடு.